ஏழாம் நம்பரில் ஆள் இருக்கு

அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் இருந்தது. வீட்டில் அதை யாரும் எடுத்துப் புழங்கியதில்லை. வீடு என்று சொல்வதே தப்பு. பேருந்து நிலையத்துக்கு எதிரே, கீழே செருப்புக் கடையும் மேலே அறைகளுமாக இருந்த ஒரு லாட்ஜ் அது. கல்லாவில் அப்பா. பெட்ஷீட் துவைப்பது, அறை கூட்டுவது, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கத்துகிறவர்களைச் சமாதானப்படுத்துவது எல்லாம் அம்மா. சம்பளத்துக்கு ஆள் வைப்பது என்றால் அப்பாவுக்குக் காய்ச்சலே வந்துவிடும். ஆகையால் மேனேஜர் பதவி வெகுகாலம் சும்மா கிடந்தது. நாற்காலிமேல் ஏறி நின்றால்தான் மேசைக்கு மேலே தலை தெரியும் என்கிற வயதில் அவள் அந்தப் பதவியைப் பிடித்தாள். படியேறி வருகிறவர்களிடம் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "ரூம் இல்ல" என்பாள். மருந்துக் கம்பெனிக்காக ஊர் ஊராகச் சுற்றும் விற்பனையாளர் ஒருவர், "சரிங்க மேனேஜர்" என்று கும்பிடு போட்டார். அன்றிலிருந்து அவள் மேனேஜர்தான்.

அறை இருக்கும்போதும் அவள் இல்லை என்றுதான் சொன்னாள். குழந்தை விளையாடுகிறது என்று எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கு அது விளையாட்டே இல்லை. அந்த லாட்ஜில் ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் அறை உண்டு, லாட்ஜ்காரர் குடும்பத்துக்கு மட்டும் கிடையாது. கல்லாவுக்குப் பின்னால் ஒரு பலகைத் தடுப்பு. துவைத்த தலையணையுறைகளுக்கு நடுவில் அப்பாவும் அம்மாவும் அங்கே கிடப்பார்கள். மூன்றாவது ஆள் படுத்தால் கதவு சாத்தாது. எனவே எந்த அறை காலியோ அதில்தான் மேனேஜர் படுப்பாள். இன்றைக்கு இரண்டாம் நம்பர், நாளைக்குப் பதினொன்று. பாதித் தூக்கத்தில் ஒரு பஸ் வந்து நின்று ஆள் இறங்கினால் அவள் எழ வேண்டும். "பூட்டுன ரூம் சோறு போடாது" என்பது அப்பாவின் வேதம். அந்த வேதத்துக்கு மகள், மனைவி, காய்ச்சல், பரீட்சை எதுவும் விலக்கில்லை.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, மேனேஜருக்குத் தொட்டிலிலேயே காலி பண்ணும் பழக்கம் வந்துவிட்டது. கண் திறக்கும் முன்பே கை பெட்ஷீட்டை உதறி மடிக்கும். தலையணையைத் திருப்பிப் போடும். முகம் கழுவிய கையோடு வாஷ்பேசினைத் துடைக்கும். இருக்கிற உடைமை எல்லாம் ஒரே பெட்டியில். அதைக் கல்லாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, சாவியை நீட்டுவாள். அப்பா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி வாங்கிக்கொள்வார். அதற்கப்புறம்தான் பள்ளிக்கூடம். அவள் படுத்து எழுந்த அறையில் ஆள் படுத்திருந்ததைப் போலீஸ் நாய்கூட மோப்பம் பிடிக்க முடியாது.

அப்பா தொழிலில் புலி. சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிடுகிற ஆட்களைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வழி இருந்தது. மாற்றுச் சாவியால் கதவைத் திறப்பார், வேறெதையும் பார்க்கமாட்டார், நேரே வாஷ்பேசினுக்குப் போவார். "சட்டைய விட்டுட்டு ஓடுவான், செருப்ப விட்டுட்டு ஓடுவான். பல் தேய்க்கிற பிரஷ்ஷ விட்டுட்டு எவனும் ஓடமாட்டான். பிரஷ் இருந்தா ஆள் இருக்கு" என்பார். அதில் அவர் ஒருமுறைகூடத் தோற்றதில்லை என்று அவரே சொல்வார்.

அறைகளில் ஏழாம் நம்பர் தனி ரகம். மூலை அறை, இரண்டு ஜன்னல், பூட்டுப் போட்ட டிராயர் வைத்த மேசை. மருந்து விற்பனையாளர் மாதிரி வாடிக்கைக்காரர்கள் முன்கூட்டியே ஃபோன் செய்து பிடித்துவைப்பார்கள். மேனேஜருக்கு அது எப்போதாவது வாய்க்கும். வாய்த்த ஒருநாள், பரீட்சை அட்டவணையை மேசைக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்தாள். மாலையில் வந்து பார்த்தால் அட்டவணை போயிருந்தது. அதோடு உள்ளங்கை அளவு பெயின்டும் பெயர்ந்து போயிருந்தது. "சுவத்துல ஆணி, பசை, எதுவும் கூடாதுன்னு எழுதியே மாட்டியிருக்கேன். சொந்தப் பொண்ணே படிக்கலன்னா கஸ்டமர் எங்க படிப்பான்?" என்று அப்பா கத்தினார். மேனேஜர் உதிர்ந்த பெயின்டைக் கூட்டி அள்ளினாள். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று யார் சொல்லி வைத்தார்களோ, அவர்களும் ஒரு லாட்ஜில் பிறந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

இப்படி இருக்கையில் வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. எந்தப் பாடம், எத்தனை வருடம் என்பதெல்லாம் அவளுக்கு அப்புறம்தான். முதலாண்டு மாணவர்கள் விடுதியில்தான் தங்க வேண்டும், எந்த விடுதி என்பதை அவர்களே வந்து பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம் என்று சொன்னார்கள். 'தேர்ந்தெடுக்கலாம்' என்ற வார்த்தையை அவள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறந்தது முதல் அவள் படுக்கும் இடத்தை அவள் தேர்ந்தெடுத்ததே இல்லை.

கல்லாவை அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு அப்பாவும் கூட வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பையில் அளவு நாடா, முகத்தில் சம்பந்தம் பேசப் போகிறவரின் தோரணை.

முதலில் பார்த்தது புது விடுதி. கண்ணாடிக் கதவு, லிஃப்ட், நடந்தால் முகம் தெரிகிற தரை. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு சீனியர் பெண் சுற்றிக் காட்டினாள். அப்பா மெத்தையை அமுக்கினார். முகர்ந்தார். கட்டிலுக்கு அடியில் தலையை விட்டார். குளியலறையில் குழாயைத் திறந்து கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"ஒரு பக்கெட் ரொம்ப எவ்வளவு நேரமாகும்மா?"

"தெரியாது அங்கிள். நாங்க ஷவர்லதான் குளிப்போம்."

பக்கெட் தெரியாத பெண்ணை அப்பா அனுதாபத்தோடு பார்த்தார். அவள் தொடர்ந்தாள்: "ஒரே ஒரு விஷயம் அங்கிள், லீவு விட்டா ரூம காலி பண்ணிடணும். கான்ஃபரன்ஸுக்கு வர்றவங்களுக்கு விட்டுடுவாங்க. திரும்பி வர்றப்போ எது காலியோ அதக் குடுப்பாங்க."

அப்பாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! "பாத்தியா மேனேஜர்? இத்தன பெரிய படிப்பு படிச்சவங்களும் என்ன சொல்றாங்க? பூட்டுன ரூம் சோறு போடாது! இதுதான் நிர்வாகம்!" என்று அந்தச் சீனியர் பெண்ணின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மேனேஜர் அதற்குள் வாசலில் போய் நின்றாள்.

இரண்டாவது விடுதியில் ஓர் அறைக்கு நான்கு பேர், கட்டில்மேல் கட்டில். அப்பா மேல்கட்டிலை ஆட்டிப் பார்த்தார். பிறகு அளவு நாடாவை எடுத்து இரண்டு கட்டிலுக்கும் இடையே உள்ள உயரத்தை அளந்தார். "ஒரு ரூம்ல நாலு பேரு. எனக்கு இத்தன வருஷமா இது தோணவே இல்லயே" என்று தன்னையே நொந்துகொண்டார். அவரை அங்கிருந்து நகர்த்துவதற்குள் மேனேஜருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

மூன்றாவது, மேட்டுக்கு மேலே கடைசியாக இருந்த பழைய விடுதி. லிஃப்ட் கிடையாது. படிக்கட்டில் நனைந்த குடையின் வாடை. அறை என்றால் ஒரு கட்டில், ஒரு மேசை, ஓர் அலமாரி, மூலையில் ஒரு வாஷ்பேசின். அதற்குமேல் ஆள் நிற்க வேண்டுமானால் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். ஜன்னல் முழுசாகச் சாத்தாது, குழாய் முழுசாக நிற்காது. விடுதிக் காப்பாளர் அம்மா மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதை மேசை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார். மேனேஜர் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"மேடம், லீவு விட்டா ரூம காலி பண்ணணுமா?"

"எதுக்கும்மா? சாவிய வாங்கிட்டா படிப்பு முடியற வரைக்கும் அது உன் ரூம். பூட்டிட்டு ஊருக்குப் போ, வா, யாரும் தொடமாட்டாங்க. நீயா சாவியத் திருப்பிக் குடுத்தாத்தான் அடுத்த பொண்ணுக்குப் போகும்."

அவளுக்கு அந்த இடத்திலேயே அவர் காலில் விழலாம் போலிருந்தது. கண்ணாடியைத் தலையிலிருந்து எடுத்துக் கொடுத்து அந்த மரியாதையைச் செய்து முடித்தாள்.

வெளியே டீக்கடையில் அப்பாவும் மகளும் முட்டிக்கொண்டார்கள்.

"அந்த ரூம்ல காத்து வர்ற வழியே இல்ல. சுவரு வேர்க்குது. கஸ்டமர் ஒருநாள் தங்கமாட்டான்."

"நான் கஸ்டமர் இல்லப்பா."

"மொதல்ல பாத்ததுல என்ன குறை?"

"லீவுக்கு லீவு காலி பண்ணணும்."

"அட, அது ஒரு விஷயமா? உனக்குத்தான் அது கைவந்த கலையாச்சே! உன்ன மாதிரி காலி பண்ண இந்த ஊர்லயே ஆள் கிடையாது!" அப்பா அதை நெஞ்சு நிமிர்த்திப் பெருமையாகச் சொன்னார்.

மேனேஜருக்கு வந்த கோபத்தில் டீ கிளாஸை நங்கென்று வைத்தாள். "அதனாலதாம்பா வேணாங்கறேன். படிக்கப் போறதும் நான், படுக்கப் போறதும் நான். எனக்கு மேட்டு மேல இருக்கிறதுதான் வேணும்."

அப்பாவுக்குப் புரியவில்லை. அவர் பெண் இப்படிக் குரலை உயர்த்துவாள் என்பதும் அவருக்குப் புதுச் செய்தி. "உன் இஷ்டம். மூட்டைப்பூச்சி கடிச்சா என்கிட்ட வந்து சொறியாத" என்று சாபம் கொடுத்துவிட்டு எழுந்தார்.

குடிவந்த நாளில் அவள் செய்ததையெல்லாம் யாராவது பார்த்திருந்தால் வைத்தியரை அழைத்திருப்பார்கள். கதவைப் பூட்டினாள். திறந்தாள். மறுபடி பூட்டினாள். கட்டிலில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்துச் சிரித்தாள். அலமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அலமாரியில் எதை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் துணிகள் பெட்டியைத் தவிர வேறெங்கும் இருந்ததில்லை. நாளைக்குப் பக்கத்து அறையில் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்று மூடிவிட்டாள். அன்றைக்கு யாரும் வந்து எழுப்பவில்லை. அப்படி ஒரு தூக்கம் அவள் தூங்கியதே இல்லை.

விடிந்தது. முதல் வகுப்புக்கு நேரமாகிவிடுமோ என்ற யோசனையில் மனசு இருந்தது. கை தன் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்தது. பெட்ஷீட்டை உதறி மடித்தது, தலையணையைத் திருப்பிப் போட்டது, வாஷ்பேசினைத் துடைத்தது, பிரஷ்ஷைப் பெட்டியில் போட்டது. கால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கியது. கவுன்டரில் இருந்த அக்காவிடம் வாய் பேசியது.

"அக்கா, சாவி. பெட்டி இங்கயே இருக்கட்டும், சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்."

கவுன்டர் அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார். வீட்டு நினைப்புத் தாங்காமல் முதல் வாரத்திலேயே மூட்டை கட்டுகிற பிள்ளைகளை அவர் எத்தனையோ பார்த்தவர். சாயங்கால பஸ் போலிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டார். "பாத்துப் போம்மா, உடம்பப் பாத்துக்க" என்று பெருமூச்சோடு சாவியை வாங்கினார். இந்த ஊரில் எவ்வளவு அன்பான மனுஷங்க என்று எண்ணியபடி மேனேஜர் வகுப்புக்கு ஓடினாள்.

சாயங்காலம் வந்து, "சாவி குடுங்கக்கா" என்று கையை நீட்டினாள்.

"எந்தச் சாவி?" என்றார் அக்கா.

மேலே யாரோ சுவரில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. மேனேஜர் படியேறினாள். அவள் அறைக்குள் நெட்டையாக ஒரு பெண் நாற்காலிமேல் நின்றுகொண்டு, வாயில் இரண்டு ஆணியும் கையில் சுத்தியலுமாக இருந்தாள். சுற்றிலும் நாலு பெட்டி. அலமாரி நிரம்பி வழிந்தது. கண்ணாடி, கொடிக்கயிறு, செருப்பு வரிசை, ஒரு குடம். மூன்று தலைமுறையாக அங்கேயே குடியிருந்தவள் மாதிரி இருந்தாள்.

"இது என் ரூம்" என்றாள் மேனேஜர்.

நாலு பெட்டிக்காரி ஆணிகளை வாயிலிருந்து எடுத்தாள். "என் ரூமும் இதுதான்" என்றாள். காலையிலிருந்து இடமில்லாமல் வராந்தாவில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தவளாம் அவள்.

காப்பாளர் அம்மாவின் அறையில் விசாரணை நடந்தது.

"நீதானேம்மா காலி பண்ணிட்டுப் போன?"

"நான் காலி பண்ணல மேடம். எழுந்தேன், அவ்வளவுதான்."

"எழுந்தா? எழுந்தவ பெட்ஷீட்ட மடிச்சு, தலையணையத் திருப்பி, பேசினத் தொடச்சு, பெட்டியக் கட்டி, சாவியக் குடுத்துட்டா போவா?"

மேனேஜர் திகைத்துப்போய்க் கேட்டாள்: "வேற எப்படி மேடம் எழுந்திருக்கிறது?"

காப்பாளர் அம்மா அவளை உற்றுப் பார்த்தார். லாட்ஜ் கதையைக் கேட்டார். கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் அளவுக்குச் சிரித்தார். ஆனால் சட்டம் சட்டம்தான். சாவியைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது, அறை போய்விட்டது. வேறு அறை காலியாகும்வரை கீழே விருந்தினர் அறையில் இருக்கலாம். "ஒண்ணே ஒண்ணும்மா. யாராவது கெஸ்ட் வந்தா நீ காலி பண்ணிக் குடுக்கணும்."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான். ஆயுசுக்கும் எந்த வாழ்க்கையிலிருந்து தப்பி ஓடிவந்தாளோ, அதே வாழ்க்கையை ஒரே காலையில் தன் கையாலேயே மடித்து எடுத்து வந்து கவுன்டரில் வைத்துவிட்டாள். விருந்தினர் அறையில் அன்றைக்கு அவள் அழுதாள். அடக்கமாக இல்லை, வாய்விட்டு அழுதாள். அவ்வளவு ஆசைப்பட்டு வாங்கிய அறையை இழந்ததுகூடப் பெரிதில்லை. அதை இழந்தது அவளுக்கே தெரியவில்லையே, அதுதான் தாங்கவில்லை.

அப்பாவுக்கு ஃபோன் போனது. நான் சொன்னேனே, சுவர் வேர்க்கிறது என்று சொன்னேனே என்று ஆரம்பிப்பார் என எதிர்பார்த்தாள். அப்பாவோ கொதித்துவிட்டார். "சாவியக் குடுத்துட்டா காலியா? அடிப்படையே தெரியாம இவங்கெல்லாம் ஹாஸ்டல் நடத்துறாங்களா? நான் வர்றேன்!"

மறுநாளே வந்து நின்றார். இஸ்திரிச் சட்டை, அளவு நாடா சகிதம் காப்பாளர் அம்மாவின் எதிரே உட்கார்ந்தார். கவுன்டர் அக்கா கதவருகே நின்றார். மேனேஜர் சுவரோரம்.

"மேடம், நான் இந்தத் தொழில்லயே நரைச்சவன். சாவிய வச்சு முடிவு பண்ணக்கூடாது. டீ குடிக்கப் போறவன்கூட சாவியக் குடுத்துட்டுத்தான் போவான். பெட்ஷீட்ட வச்சும் முடிவு பண்ணக்கூடாது, சுத்தம் பாக்கறவன் மடிச்சு வைப்பான். பிரஷ்ஷப் பாக்கணும். பேசின்ல பிரஷ் இருந்தா ஆள் இருக்குன்னு அர்த்தம். உலகம் பூரா இதுதான் சட்டம்." அப்பா கவுன்டர் அக்கா பக்கம் திரும்பினார், வக்கீல் சாட்சியிடம் திரும்புவது மாதிரி. "நீங்க சொல்லுங்கம்மா. பிரஷ் இருந்துச்சா, இல்லயா?"

"இல்லங்க. பிரஷ் என்ன, ஒரு தலைமுடிகூட இல்ல. இத்தன வருஷத்துல நான் அப்படி ஒரு ரூமப் பாத்ததே இல்ல. ஆள் தங்கின மாதிரியே தெரியல."

அப்பாவுக்குச் சுருதி இறங்கியது. மகளைப் பார்த்தார். "பிரஷ்ஷ எதுக்கும்மா எடுத்த?"

"எப்பவும் எடுத்துடுவேம்பா."

"எப்பவுமா? தினமுமா?"

"தினமும்தான். சாயங்காலம் அதே ரூம் கிடைக்கும்னு தெரியாதில்ல."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். ஆனால் அப்பா அளவு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டார். ஊரில் போகிற வருகிறவன் பிரஷ்ஷையெல்லாம் எட்டிப் பார்த்து ஆள் இருக்கு, ஆள் இல்லை என்று கணித்த மனிதர், பெற்ற பெண்ணின் பிரஷ் எங்கே இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அவருடைய சட்டப்படி அந்தப் பெண் அவர் லாட்ஜில் ஒருநாள்கூட இருந்ததில்லை. வெட்கம் அவர் கழுத்துவரை ஏறியது. அதை மேனேஜர் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

காப்பாளர் அம்மா தண்ணீர் கொடுத்தார். அப்பா குடித்தார். "அப்ப... காலிதான் மேடம். உங்க பேர்ல தப்பில்ல" என்று எழுந்தார். தோற்ற வழக்கைத் தோற்றது என்று ஒப்புக்கொள்ளும் நேர்மை அவரிடம் இருந்தது. வாசல்வரை வந்தவர் விருந்தினர் அறையின் மெத்தையைக்கூட அமுக்கிப் பார்க்கவில்லை. "வேளைக்குச் சாப்பிடு" என்று மட்டும் சொல்லிவிட்டு, பஸ்ஸை விட்டுவிடுவேன் என்று அவசரப்பட்டு நடந்தார். அந்த ஊரில் பஸ்ஸுக்கு அப்படியொன்றும் பஞ்சமில்லை.

அதன்பின் சில நாள் மேனேஜர் விருந்தினர் அறையில் காலம் தள்ளினாள். இடையில் ஒரு வெளியூர்ப் பேராசிரியர் வந்து இறங்கினார். காப்பாளர் அம்மா சங்கடத்தோடு சொல்ல வாயெடுப்பதற்குள் அறை பளிச்சென்று காலியாகிவிட்டது. மேனேஜர் அவர் பெட்டியை வாங்கிக்கொண்டாள், வெந்நீர்க் குழாய் எது என்று காட்டினாள், குடிக்கத் தண்ணீர் வைத்தாள், காலையில் எத்தனை மணிக்கு எழுப்பட்டும் என்று கேட்டாள். அவர் மனம் குளிர்ந்துபோய் அவள் கையில் ஏதோ காசை அமுக்கினார். மறுநாள் அவருடைய சொற்பொழிவில் முதல் வரிசையில் அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் அவருக்குப் பேச்சு தடுமாறியது.

மேல்மாடியில் ஒரு பெண் நிஜமாகவே வீட்டு நினைப்பில் அழுது, நிஜமாகவே ஊருக்குப் போனாள். அந்த அறை மேனேஜருக்கு வந்தது. தலைக்கு மேலே தண்ணீர்த் தொட்டி. நிரம்பும்போதெல்லாம் அறையே வாய் கொப்பளிக்கும். சாவியைக் கொடுக்கும்போது காப்பாளர் அம்மா ஒரு நிபந்தனை போட்டார். "தினமும் அக்கா வந்து எட்டிப் பார்ப்பாங்க. படுக்கைய மடிச்சு வச்சிருந்தா அபராதம் போட்டுடுவேன்." அறையைச் சுத்தமாக வைத்ததற்கு அபராதம் விதிப்பதாக மிரட்டிய காப்பாளர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

பாடம் சொல்லிக் கொடுக்க நாலு பெட்டிக்காரி வந்தாள். அறையைப் பறித்த பாவத்துக்குப் பரிகாரம் என்று சொல்லிக்கொண்டு அலமாரியின் எந்தத் தட்டில் என்ன வைப்பது என்று காட்டினாள். நாற்காலியில் துணி குவிப்பது எப்படி என்றும் காட்டினாள். அதில் அவள் கைகாரி. சுத்தியலையும் ஓர் ஆணியையும் கொடுத்து, "அடி" என்றாள். மேனேஜர் அப்பா வந்துவிடுவாரோ என்கிற மாதிரி கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு அடித்தாள். பிரஷ்ஷை வாஷ்பேசினில் விட்டுவிட்டு முதல்முதலாக வகுப்புக்குப் போன அன்று பாடம் ஒன்றும் ஏறவில்லை. மதியம் மேடேறி ஓடி வந்து பார்த்தாள். பிரஷ் அப்படியே இருந்தது. மறுபடி வகுப்புக்குப் போனாள்.

விடுமுறை வந்தது. மேனேஜர் அறையைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டாள். படுக்கை கலைந்து கிடந்தது, பிரஷ் அதன் இடத்தில் இருந்தது. சின்னப் பை ஒன்று மட்டும் கையில். அப்படிக் கையை வீசிக்கொண்டு பஸ் ஏறியது அவளுக்குப் பெருமையாக இருந்தது. பாதி வழியில்தான், வீட்டுக்குப் போய் எதை வைத்துப் பல் தேய்ப்பது என்ற ஞாபகம் வந்தது.

லாட்ஜில் அன்றைக்குத் திருவிழாக் கூட்டம். படிக்கட்டுவரை ஆள். கல்லாவில் அப்பாவோடு மருந்து விற்பனையாளர் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். மேனேஜர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், பழக்க தோஷத்தில் கேட்டாள்.

"அப்பா, எது காலி?"

"ஒண்ணும் காலியில்ல" என்றார் அப்பா, நிமிராமல்.

சரி, தலையணையுறைகளுக்கு நடுவே அம்மாவோடு ஒண்டிக்கொள்ளலாம் என்று பையைத் தோளில் ஏற்றினாள்.

விற்பனையாளர் விடவில்லை. "காலியில்லன்னா எப்படிங்க? ஏழாம் நம்பர் சாவி அங்கதானே தொங்குது?"

"ஏழாம் நம்பர்ல ஆள் இருக்கு."

"போன தடவை வந்தப்பவும் இதையேதான் சொன்னீங்க. அதுக்கு முன்னாடியும் இதையேதான் சொன்னீங்க. சாவி இங்க தொங்குது, ரூம் பூட்டியே கெடக்குது. யாருங்க அந்த மகராசன், மாசக்கணக்கா காலி பண்ணாதவன்?"

அப்பா எழுந்தார். பலகையிலிருந்து ஏழாம் நம்பர் சாவியைக் கழற்றினார். மேசைமேல் மேனேஜர் பக்கமாகத் தள்ளினார். அவள் முகத்தைப் பார்க்காமல் விற்பனையாளரைப் பார்த்தே சொன்னார்:

"இவங்கதான். வெளிய போயிருந்தாங்க. இப்பத்தான் வந்தாங்க."

விற்பனையாளர் திரும்பிப் பார்த்தார். ஒரு கணம் விழித்தார். அப்புறம் பையைக் கீழே வைத்துவிட்டு, "சரிங்க மேனேஜர்" என்று கும்பிடு போட்டார்.

ஏழாம் நம்பர்க் கதவைத் திறந்ததும் அவள் நேரே வாஷ்பேசினுக்குத்தான் போனாள். அப்பன் பெண்ணல்லவா? அங்கே புது பிரஷ் ஒன்று, காகிதம் பிரித்து, நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. மேசைக்கு மேலே, பெயின்ட் பெயர்ந்த அந்த இடத்தில், ஓர் ஆணி. கோணலாக, சுற்றிலும் காரை உதிர்ந்து, வாழ்நாளில் ஆணியே அடித்திராத ஒருவர் அடித்த ஆணி. மேனேஜர் கட்டிலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை குளித்து உடுத்திக்கொண்டு, நாலு பெட்டிக்காரி சொல்லிக் கொடுத்தபடி எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கீழே இறங்கினாள். கல்லாவைக் கடந்தபோது அப்பா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டினார். மேனேஜரின் கையும் தன் பாட்டுக்குச் சாவியை எடுத்து நீட்டிவிட்டது. இரண்டு கையும் மேசைக்கு நடுவே வந்து நின்றன. அப்பா பேப்பரை இறக்கினார். தன் கையைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார். பிறகு நீட்டிய கையை மெல்ல இழுத்து, அதற்காகத்தான் தூக்கினேன் என்பது போலக் காதைச் சொறிந்துகொண்டார்.

"போய்ட்டு வாம்மா" என்றார்.

அவள் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். மேலே ஏழாம் நம்பரிலிருந்து அம்மாவின் குரல் தெருவரை கேட்டது: "அடியே, படிக்கப் போன இடத்துல பெட்ஷீட் மடிக்கக்கூடவா மறந்துபோச்சு உனக்கு?"